முக்கோண நிழலும் பழைய கேமராவும்

காலை ஆறு மணி தாண்டியதும் இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சியில் நிற்கிற முகங்கள் எல்லாம் கிழக்கே திரும்பிவிடும். இரவு முழுக்கப் படியேறி வந்த களைப்பு, கம்பளிக்குள்ளும் நுழைந்து வாட்டுகிற காற்று, உட்கார இடமில்லாத நெரிசல், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது மலைகளுக்குப் பின்னாலிருந்து எழப்போகும் அந்தச் செம்புள்ளிக்காகத்தான். அது தலைகாட்டியதும் நூற்றுக்கணக்கான கைபேசிகள் ஒன்றாக உயர்கின்றன. அந்த நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்குப் பக்கச் சுவரோரம் நகர்ந்து போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கே, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத்தின் மேல், மலையின் நிழல் நீலமும் சாம்பலுமாக விழுந்து கிடக்கும். அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேரான இரண்டு விளிம்புகள். அவை தூரத்தில் போய் ஒரே கூர்நுனியில் சேரும்.

இந்த நிழலைப் படம்பிடிக்க எவ்வளவு பெரிய கேமரா வேண்டும்? 2007இல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் போன்ற ஒன்று போதும். 71 லட்சம் பிக்சல், நான்கு மடங்கு ஜூம், இரண்டு பென் டார்ச் பேட்டரி. வீட்டு அலமாரியில் சார்ஜர் வயர்களுக்கும் பழைய ரிமோட்டுகளுக்கும் நடுவில் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தட்டியெழுப்பி மலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து கொண்டுபோக வேண்டும். மலையில் எடுக்கிற படத்தில் கண்ணாடி வில்லையைவிடப் பெரிய வில்லை ஒன்று இருக்கிறது. நமக்கும் எதிர்மலைக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் அது. எந்த விலை கொடுத்தாலும் அந்த வில்லையை மாற்ற முடியாது. அதைப் புரிந்துகொண்டவர் கையில் பழைய கேமராவும் நன்றாகவே வேலை செய்யும்.

முதலில் அந்த முக்கோணத்தைப் பார்ப்போம். சிவனொளிபாதம் கூம்பு வடிவ மலை, அதனால் நிழலும் கூம்பாக விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உச்சி தட்டையான மலை என்றாலும், பல்வரிசை போன்ற மலை என்றாலும், விடியலில் அதன் மேல் நின்று பார்த்தால் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒட்டிக்கொள்வது போலத் தெரிகிறதே, அதே சங்கதிதான் இது. தாழ்ந்த சூரியனின் ஒளியில் மலையின் நிழல் பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அதன் ஓரங்கள் ஏறக்குறைய இணைகோடுகள். அவை கண்ணுக்குச் சேர்வதாகத் தோன்றும் இடம், வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே உள்ள புள்ளி. நீளம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காலேயே சொல்லிவிடலாம். சுற்றுப்புறத்தைவிட 1,000 மீட்டர் எழுந்து நிற்கும் மலைக்கு, சூரியன் 2 டிகிரி உயரத்தில் இருக்கும்போது நிழல் சுமார் 29 கிலோமீட்டர். 1 டிகிரியில் இருக்கும்போது 57 கிலோமீட்டர்.

நிழலின் நுனியில் தன் தலையும் தெரிகிறதா என்று சிலர் கையை ஆட்டிப் பார்ப்பார்கள். தெரியாது. சூரியன் வெறும் புள்ளியாக இல்லாமல், வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டாக இருப்பதுதான் காரணம். அந்தத் தட்டின் ஒரு விளிம்பை நாம் மறைத்தாலும் மறுவிளிம்பிலிருந்து வரும் ஒளி நிழலுக்குள் கசியும். அரை மீட்டர் அகலமுள்ள ஒரு மனிதரின் கருநிழல் 54 மீட்டருக்குள் கரைந்து முடிந்துவிடும். மலையின் உடம்பு அகலமானது என்பதால் அதன் நிழல் அவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. சில காலைகளில் இந்த நிழல் தரையில் படுத்துக் கிடக்காமல், அடிவானத்துக்கு மேலே காற்றில் எழுந்து நிற்பது போலத் தோன்றும். கானல்நீரைப் போல ஒளி வளைவதால் வரும் தோற்றம் இது என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு விளக்கம் இருந்தது. 1880களில் ரால்ஃப் ஆபர்குரோம்பி என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் மலைக்கு வந்து தங்கி, விடியலில் வெப்பநிலையை அளந்து, அது கானல் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். நிழல் விழும் திரை தரை மட்டுமன்று, தரைக்கு மேல் மிதக்கும் மூடுபனியும்தான் என்றார். வடிவியலும் அவர் பக்கம் நிற்கிறது. மலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,243 மீட்டர். அவ்வளவு உயரத்தில் நிற்பவருக்குக் கடல் அடிவானம் நேர்க்கிடைக் கோட்டுக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி கீழே இருக்கும். சூரியன் சரியாகக் கிடைக்கோட்டில் இருந்தால் அதன் எதிர்ப்புள்ளியும் கிடைக்கோட்டில்தான் இருந்தாக வேண்டும், அதாவது மேற்கு அடிவானத்துக்கு மேலே. அங்கே தரையே கிடையாது, புகைமூட்டம் படிந்த காற்றுதான் இருக்கிறது. நிழலின் நுனி அந்தக் காற்றின் மேல் விழுந்து நிற்கிறது.

நிழல் என்றால் தரையில் கிடக்கும் கறை என்று நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது கனபரிமாணம் உள்ளது. மலைக்குப் பின்னால் வெயில் படாத காற்று நீண்ட குகை போல நிறைந்திருக்கிறது. உச்சியில் நிற்பவர் அந்தக் குகையின் வாயில் நின்று அதன் நீளவாக்கில் பார்க்கிறார். அவர் பார்வைக்கோடு பல கிலோமீட்டர் வெளிச்சமில்லாத காற்றுக்குள்ளேயே பயணம் செய்வதால் விளிம்புகள் அவ்வளவு அழுத்தமாகத் தெரிகின்றன. பக்கவாட்டில் எங்கோ ஓர் ஊரில் நின்று பார்ப்பவருக்கு இந்தக் காட்சி கிடையாது.

இந்த இடத்தில்தான் கேமராக்காரரின் மனம் மாற வேண்டும். மலைக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் புகைமூட்டத்தைத் திட்டுகிறார்கள். கிழக்கே திரும்பி எடுக்கும்போது அது கெடுக்கத்தான் செய்கிறது. காற்றிலுள்ள தூசும் நீர்த்துளியும் தம்மேல் படும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. அதனால் சூரியனை நோக்கிப் பார்க்கும்போது காற்றே ஒரு வெள்ளைத் திரையாக ஒளிர்ந்து மலைகளை மூடிவிடுகிறது. சூரியனை முதுகில் வைத்துக்கொண்டால் அதே காற்று தெளிவாகிவிடும். ஆனால் அந்த மூட்டம் கொஞ்சமும் இல்லாவிட்டால் காற்றில் எழுந்து நிற்கும் நிழலும் இல்லை, விழுவதற்குத் திரை வேண்டுமே! கிழக்குப் படத்தைக் கெடுக்கும் அதே மூட்டம் மேற்கே நிழலை வரைந்து கொடுக்கிறது.

இனி ஏற்றத்துக்கு வருவோம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குவது வழக்கம். மார்கழியை ஒட்டி வரும் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் படிகள் நெடுக விளக்கு எரியும். பௌத்தருக்கு புத்தரின் பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் ஆதாமின் பாதம். இபின் பதூதா 1344இல் இங்கு வந்து, பாறையில் பொருத்தியிருந்த சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை எழுதியிருக்கிறார். இப்போது சங்கிலிக்குப் பதில் கைப்பிடிக் கம்பி. ஆயிரக்கணக்கான படிகள் இன்னும் அப்படியேதான் கால்களைச் சோதிக்கின்றன.

கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் விளக்கு வரிசை வானத்தில் தொங்கும் மணிமாலை மாதிரி இருக்கும். எங்கே மலை முடிகிறது, எங்கே நட்சத்திரம் தொடங்குகிறது என்பது சட்டென்று பிடிபடாது. பழைய கேமராவுக்கு முதல் சோதனை இங்கேதான். தானியங்கியில் விட்டு அழுத்தினால் பிளாஷ் எரிந்து, முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும் பளிச்சென்று வந்து, பின்னால் எல்லாம் கறுப்பாகிவிடும்.

ஏன் இருட்டு இவ்வளவு கஷ்டம்? உள்ளே இருக்கும் உணரியின் அளவுதான் காரணம். ஏ570இன் உணரி ஏறத்தாழ 5.8 மில்லிமீட்டருக்கு 4.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொழில்முறைக் கேமராக்களில் இருக்கும் முழுச்சட்ட உணரி 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் 35 மடங்கு வித்தியாசம். பழைய கேமராவின் ஒரு பிக்சல் சுமார் 1.9 மைக்ரோமீட்டர் அகலம்தான். தூறல் விழும்போது முற்றத்தில் நூறு சின்னக் கிண்ணங்களை வைத்தால், ஒன்றில் ஏழு துளி விழும், பக்கத்துக் கிண்ணத்தில் பன்னிரண்டு விழும். மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பெய்தது, கிண்ணங்கள் சிறியதால் கணக்கு தாறுமாறாக இருக்கிறது. ஒளித்துகள்களும் அப்படித்தான் விழுகின்றன. 100 ஒளித்துகள் எதிர்பார்க்கும் இடத்தில் பத்து கூடவோ குறையவோ வருவது இயல்பு, அதாவது நூற்றுக்குப் பத்து தடுமாற்றம். 10,000 எதிர்பார்க்கும் இடத்தில் நூறு தடுமாறும், நூற்றுக்கு ஒன்றுதான். இருட்டுப் படத்தில் எள்ளும் அரிசியும் கலந்து இறைத்தது போலத் தெரியும் புள்ளிகளில் பெரும்பகுதி இந்தத் தடுமாற்றமே. ஐஎஸ்ஓ என்ற உணர்திறன் எண்ணைக் கூட்டினால் ஒளி கூடாது, தடுமாற்றத்தையும் சேர்த்து ஒலிபெருக்கி வைத்தது மாதிரி ஆகும்.

அதனால் எதிர்வழி. ஐஎஸ்ஓவை 80இலேயே வைத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். இந்த ரகக் கேமராவில் 15 விநாடி வரை ஷட்டரைத் திறந்துவைக்கலாம். முக்காலி வேண்டியதில்லை. படியோரக் கட்டையில் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் கேமராவை அமர்த்தி, 2 விநாடி தாமதத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டால் போதும். படம் முடிந்த பின்னும் அதே அளவு நேரம் கேமரா பேசாமல் இருக்கும். கெட்டுவிட்டதென்று பயந்து அணைக்கக் கூடாது. ஷட்டரை மூடிக்கொண்டு வெறும் இருட்டை இன்னொரு படமாக எடுத்து, அதில் தெரியும் வேண்டாத புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் புள்ளிகள் வெப்பத்தால் வருபவை. சிலிக்கானில் ஒளியே படாவிட்டாலும் சூட்டில் எலக்ட்ரான்கள் தாமாகக் கிளம்பும். வெப்பநிலை ஏழெட்டு டிகிரி ஏறினால் இந்தக் கசிவு இரட்டிப்பாகும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் இருந்த ஒரு கேமராவின் உணரிகளை மைனஸ் 88 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தது இதற்காகத்தான். மலையேறுபவருக்கு அந்த வசதி கொஞ்சம் தானாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் காற்று ஆறேழு டிகிரி குளிர்கிறது. நல்லதண்ணியிலிருந்து உச்சி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். உச்சியில் எடுக்கும் நீண்டநேரப் படத்தில் வெப்பப் புள்ளிகள் அடிவாரத்தில் இருப்பதைவிடப் பாதியளவுக்குக் குறைந்திருக்கும்.

இந்தப் பழைய கேமராக்களில் இருக்கும் உணரி வகைக்கு சிசிடி என்று பெயர், அதை இப்போது இளைஞர்கள் பாசத்தோடு சொல்கிறார்கள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் யோசித்த கருவி அது. நினைவகமாகப் பயன்படுத்தத்தான் முதலில் எண்ணினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், அதற்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மேல்தளம் கான்கிரீட் போடும்போது கொத்துவேலைக்காரர்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, சிசிடி வேலை செய்வது அப்படித்தான். ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்த மின்னேற்றம் பக்கத்துப் பிக்சலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நகர்ந்து, கடைசியில் ஒரே மூலையில் எடைபோடப்படுகிறது. இன்றைய கைபேசிகளில் உள்ள சிமாஸ் உணரியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி எடைக்காரர் உண்டு.

சூரியனை நேரே காட்டும்போது பழைய கேமராவின் திரையில் மேலிருந்து கீழாக ஊதாவோ வெள்ளையோ ஒரு கோடு ஓடுவதன் காரணமும் இதில் இருக்கிறது. சட்டி கைமாறும் வழியில் பலத்த ஒளி கசிந்து, கடந்துபோகும் எல்லாச் சட்டியிலும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது. திரையில் கோட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். படம் எடுக்கும் கணத்தில் ஷட்டர் மூடிக்கொண்ட பிறகே கைமாற்றம் நடப்பதால், பெரும்பாலும் படத்தில் கோடு வராது. வீடியோவில் வரும்.

சிசிடி நிறங்களுக்குத் தனி அழகு உண்டு என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. அதை அப்படியே ஏற்க முடியவில்லை. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது, அது ஒளியை எண்ணத்தான் செய்யும். நிறத்தைத் தருவது உணரியின் மேல் ஒட்டியிருக்கும் வடிகட்டிகளின் கட்டம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால்பங்கு சிவப்பு, கால்பங்கு நீலம். மனிதக் கண்ணும் பச்சைப் பகுதியில்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதே அந்தப் பங்கீட்டின் நியாயம். நல்லதண்ணியைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களை விடிந்த பிறகு எடுத்த படத்தில் இலை இலையாகத் தெரிவதற்கு இந்தப் பாதிப் பங்கு பச்சைக் கட்டங்களும் துணை செய்கின்றன. மற்றபடி பழைய படங்களின் அந்தச் சாயல், வடிகட்டிகளும் அந்தக் காலத்துக் கணிப்பு நிரல்களும் சேர்ந்து செய்தது.

குளிரில் முதலில் மக்கர் செய்வது பேட்டரிதான். கடையில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் நடப்பது ஒரு வேதிவினை. குளிரில் அயனிகள் நகர்வது மந்தமாகி, உள்தடை ஏறிவிடும். லென்ஸ் வெளியே நீளும் அந்தக் கணத்தில் கேமரா ஒரு பெரிய மிடறு மின்சாரம் கேட்கும், பேட்டரியால் தர முடியாது, லென்ஸ் பாதியில் நின்றுவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாமல், அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்தால் மறுபடி உயிர் வரும். மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் பேட்டரிகள் 1.2 வோல்ட்தான் என்றாலும் பெரிய மிடறைத் தாங்கும். ஒரு ஜோடி கேமராவில், இன்னொரு ஜோடி சட்டைப்பையில் இருக்கட்டும். பேட்டரிக் கதவைத் திறக்கும்போது ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது கசிந்து காய்ந்த காரம். வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவைத்தால் போகும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. நினைவட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2006க்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையைப் படிக்காது.

ஏ570இல் திரை தவிர, கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடித் துளையும் இருக்கிறது. இன்றைய கேமராக்களில் அருகிப்போன அந்தத் துளை மலையில் பெரிய வரம். திரையை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். கேமராவை நெற்றியோடும் கன்னத்தோடும் ஒட்டிப் பிடிப்பதால் ஆட்டமும் குறையும். ஆயிரக்கணக்கான படிகள் ஏறிய உடம்பில் நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது நீட்டிய கை நடுங்காமல் இருக்குமா? சுவரில் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டு, அது நின்ற இடத்தில் மெதுவாக அழுத்த வேண்டும்.

சின்ன உணரியைக் குறை சொன்னோம். அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உணரி சின்னது என்பதால் வில்லையின் குவியத் தூரமும் குறைவு. அகலப் பார்வையில் வெறும் 5.8 மில்லிமீட்டர். அதனால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தூரத்தில் குவியம் வைத்தாலே போதும், ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக வந்துவிடும். காலடியில் பனி கோத்த புல், நடுவில் கைப்பிடிக் கம்பி, எதிரே முக்கோண நிழல், மூன்றும் ஒரே படத்தில் கூர்மையாக நிற்கும். பெரிய கேமரா வைத்திருப்பவர் இதற்காகத் துவாரத்தைச் சுருக்கி, முக்காலி தேடிக்கொண்டிருப்பார். சின்னக் கேமராவில் துவாரத்தைச் சுருக்கினால் நட்டம்தான். குறுகிய துளை வழியே போகும் ஒளி அலை விரிந்துவிடும். எஃப் 2.6இல் ஒரு புள்ளி உணரியில் மூன்றரை மைக்ரோமீட்டர் வட்டமாக விழுகிறது. எஃப் 8இல் அந்த வட்டம் பத்து மைக்ரோமீட்டரைத் தாண்டி ஐந்தாறு பிக்சல் அகலத்துக்கு மெழுகிவிடும்.

சூரியன் எழும் கணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மலை நிலநடுக்கோட்டுக்கு 7 டிகிரிக்குள் இருப்பதால், இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வராமல் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. சுமார் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. இருபது நிமிடத்தில் 57 கிலோமீட்டர் நிழல் சுமார் ஒன்பதரை கிலோமீட்டராகச் சுருங்கி, கூர்மை போய், பச்சைக்குள் கலந்துவிடும். பழைய கேமரா ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்கிற நிதானக்காரர். இருபது நிமிடம் அதற்குத் தாராளம், ஆனால் அமைப்புகளை அப்போது தேடக் கூடாது, முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டே அமைப்புகள். வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் வெயில் சின்னத்தில் வைக்க வேண்டும். தானியங்கி எல்லாவற்றையும் நடுப்பகல் வெள்ளையாக்கப் பார்க்கும். நிழலுக்குள் நேர்வெயில் இல்லை, வானத்தின் நீல ஒளி மட்டும்தான் விழுகிறது, வெளியே பொன்வெயில். இந்த நீலத்துக்கும் பொன்னுக்கும் உள்ள வேறுபாடுதான் படத்தின் உயிர், அதைச் சமன் செய்ய விடக் கூடாது. அடுத்தது ஒளியளவு. கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பலாக நினைக்கும். அகலமான வெள்ளை மூடுபனியைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாக எடுக்கும், அங்கே கொஞ்சம் கூட்ட வேண்டும். சூரியனும் ஒளிரும் மேகமும் படத்தில் இருந்தால் குறைக்க வேண்டும். காரணம், ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். உச்சிப் படியைத் தாண்டி வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளும் மீட்காது. இருண்ட இடத்தைக் கொஞ்சமாவது தூக்கிவிடலாம்.

தூரத்து மலையடுக்குகள் அந்த 256 படிகளில் எத்தனையைப் பெறும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. மாறுபாடு தூரத்தோடு மடங்கு மடங்காகக் குறையும். பத்து கிலோமீட்டரில் பாதி போய்விட்டால் இருபதில் கால், முப்பதில் அரைக்கால். காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிப்பதால், மலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நீலம். கடைசி மலை வானத்தைவிட மூன்று நான்கு படிதான் இருட்டாக இருக்கும். கைபேசி இங்கே பல படங்களை எடுத்துக் கோத்து, தூரத்து மலைக்கும் வலுக்கட்டாயமாகக் கறுப்பை ஏற்றிவிடுகிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் தூரம் தொலைந்துவிடும். பழைய கேமரா ஒரே ஒரு முறை ஒளியை எண்ணி வந்த கணக்கை வந்தபடி எழுதிவைக்கிறது. மலையடுக்குகளுக்கு நடுவே எத்தனை காற்று இருந்தது என்பது அந்தக் கணக்கில் அப்படியே இருக்கும்.

சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் மூடுபனி மிக அருகில் வந்து நின்றால் இன்னொரு காட்சியும் கிடைக்கலாம். பார்ப்பவரின் தலைநிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும், நம் தலையைச் சுற்றித் தெரியாது. 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி ஆய்வகத்தில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இந்த வளையத்தைப் பார்த்து மயங்கிப்போய், ஆய்வகத்தில் செயற்கையாக மேகம் உண்டாக்கப் புறப்பட்டார். அந்த முயற்சி அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையில் போய் முடிந்து, 1927இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. எனவே மூடுபனி வந்து காட்சியை மறைத்துவிட்டதே என்று கேமராவைப் பையில் போடுவதற்கு முன், ஒருமுறை தன் நிழல் விழும் திசையைப் பார்த்துவிட வேண்டும்.

உச்சியில் எத்தனையாவது முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை மணி அடிப்பது இங்கே வழக்கம். மணியை அடித்துவிட்டு இறங்குகிறவர்கள் வழியில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்குவார்கள். கேமராவுக்கு அங்கேதான் கடைசி ஆபத்து. குளிர்ந்த கண்ணாடியும் உலோகமும், கேத்தல் கொதிக்கும் கடைக்குள் நுழைந்த உடனே வேர்த்துவிடும். காற்றிலிருக்கும் ஆவி, பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். வில்லையின் வெளிப்புறம் படிந்தால் துடைக்கலாம், உள்ளே படிந்தால் பூஞ்சைக்கு விருந்து. வெளியே நிற்கும்போதே கேமராவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை இறுக மூடிவிட்டால், ஈரம் உறையின் மேல் படியும், உள்ளே கேமரா மெதுவாகச் சூடேறும். ஒரு பிளேன் டீ குடித்து முடிக்கிற நேரத்துக்கு அது உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

வெளியே வந்து உறையைப் பிரிக்கும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். இரவில் விளக்கு மாலையாக மட்டும் தெரிந்த வழி, இப்போது காடும் படியும் ஓடையுமாகத் தெரியும். திரும்பிப் பார்த்தால் மலை நிற்கும், அதன் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிப்போயிருக்கும். கேமராவில் இன்னும் கொஞ்சம் பேட்டரி மிச்சம் இருக்கும்.